உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்பதற்கு முன்

(உடையார்பாளையத்தில், பிளஸ் டூ முடித்த மாணவர்களுக்கு உயர்கல்வி வழிகாட்டும் தன்னார்வலர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீங்கள் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளோடு ஒவ்வொருவராக உட்கார்ந்து பேசப் போகிறீர்கள். அதற்காக உங்கள் கையில் ஒரு கேள்வித்தாள் கொடுத்திருக்கிறார்கள். ‘பழுதான பொருளைப் பிரித்துப் பார்ப்பது பிடிக்கும்’, ‘மற்றவர்களுக்குச் சொல்லித்தருவது பிடிக்கும்’, ‘கணக்கு வழக்கை ஒழுங்காக எழுதி வைப்பது பிடிக்கும்’ என்று வரிசையாக இருக்கிறது. பிடித்ததற்கு நேரே டிக் அடிக்க வேண்டும். கடைசியில் கூட்டிப் பார்த்தால் அந்தப் பிள்ளை எந்த வகை, எந்தப் படிப்புக்குப் பொருத்தம் என்று வந்துவிடும். நாட்டமறித் தேர்வு என்று இதற்கு அழகான தமிழ்ப் பெயரும் வைத்திருக்கிறார்கள்.

இந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பிள்ளையைக் கேட்காமல் மாமா சொன்னார், சித்தப்பா சொன்னார் என்று கல்லூரியில் தள்ளிவிடுவதைவிட, பிள்ளையையே கேட்பது எவ்வளவோ மேல். ஆனால் இந்தத் தாளைக் கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் கொடுத்தால், இது பிள்ளையின் விருப்பத்தை அளக்காது. அந்தத் தெருவுக்கு ஊர் எவ்வளவு இடம் விட்டு வைத்திருக்கிறதோ, அதைத்தான் அளந்து கொடுக்கும்.

இந்தத் தாளின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்ப்போம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1908இல் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் தொழில் வழிகாட்டலுக்கென்று ஓர் அலுவலகம் தொடங்கினார். வெளிநாடுகளிலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. அதே ஆண்டு அவர் இறந்துபோனார். அவருடைய புத்தகம் 1909இல் வெளிவந்தது. அவர் சொன்னது மூன்றே விஷயம். உன்னைத் தெரிந்துகொள். வேலைகளைத் தெரிந்துகொள், அதாவது எதற்கு என்ன தகுதி வேண்டும், என்ன கூலி, என்ன வாய்ப்பு என்று தெரிந்துகொள். பிறகு இரண்டையும் பொருத்திப் பார். 1959இல் ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர் மனிதர்களின் நாட்டத்தை ஆறு வகையாகப் பிரித்தார். இன்று உலகம் முழுக்கச் சுற்றுகிற இந்த மாதிரித் தாள்களில் பெரும்பாலானவை அவருக்குக் கடன்பட்டவை.

பார்சன்ஸ் சொன்ன மூன்றில் நம் பள்ளிக்கூடங்களுக்கு வந்து சேர்ந்தது முதலாவது மட்டும்தான். காரணம் பெரிய ரகசியம் இல்லை. தாள் அடிக்கச் செலவு குறைவு. வேலைகளைக் காட்டுவதற்கு ஆள் வேண்டும், வண்டி வேண்டும், நேரம் வேண்டும். தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் இந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது. கல்லூரிக் கனவு முகாம்களுக்குப் போய்வந்த பிள்ளைகளிடம் பேசியிருக்கிறேன், வித்தியாசம் தெரிகிறது. ஆனாலும் ஒரு நாள் முகாமில் ஆயிரம் பேரோடு உட்கார்ந்து கேட்பதும், ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதும் ஒன்றாகாது. அந்தப் பக்கத்து நாற்காலியில்தான் நீங்கள் உட்காரப் போகிறீர்கள்.

நம் மாவட்டத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமி. பல கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது. நத்தை மாதிரிச் சுருண்ட அம்மோனைட், கல்லாகிப்போன சிப்பி எல்லாம் இந்த மண்ணில் கிடைக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வெள்ளைக்கார நிலவியலாளர்கள் வந்து அளந்து எழுதிவிட்டுப் போனார்கள். பக்கத்தில் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிப்போன ஒரு மரம் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. அதன் வயது சுமார் 12 கோடி ஆண்டு. வாரணவாசியில் அருங்காட்சியகமே இருக்கிறது. இந்தக் கல்லை நம்பித்தான் இத்தனை சிமெண்ட் ஆலைகளும் ஓடுகின்றன.

என் ஆய்வுக்காகப் பேசிய பையன்களில் ஒருவனுடைய அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். பையனுக்குக் கல் என்றால் பைத்தியம். வீட்டுத் திண்ணையில் டப்பா டப்பாவாகச் சேர்த்து வைத்திருக்கிறான். அவனிடம் ஜியாலஜி படிக்கலாமே என்றேன். “ஜியாக்ரஃபியா அக்கா?” என்று கேட்டான். நிலவியல் என்று ஒரு பட்டப்படிப்பு இருப்பதையே அவன் கேள்விப்பட்டதில்லை. சென்னை மாநிலக் கல்லூரியிலும் திருச்சி தேசியக் கல்லூரியிலும் அந்தப் படிப்பு உண்டு. முதுகலை முடித்தால் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை வேலைக்கு யுபிஎஸ்சி தனித் தேர்வே நடத்துகிறது. அவன் காலில் தினமும் இடறுகிற கல்லுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. பள்ளியில் அவன் எழுதிய நாட்டமறித் தேர்வில் என்ன வந்தது தெரியுமா? கைவேலை. ஐடிஐ ஃபிட்டர் பொருத்தம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

ஃபிட்டர் வேலை மட்டமில்லை. என் பெரியப்பா மகன் ஃபிட்டர்தான், என்னைவிட அதிகம் சம்பாதிக்கிறார். அந்தப் பையன் நிலவியலையும் ஃபிட்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஃபிட்டரைத் தேர்ந்தெடுத்திருந்தால் எனக்கு ஒரு பேச்சும் இல்லை. பார்க்காத ஒன்றைப் பிடிக்கும் என்று யாரால் டிக் அடிக்க முடியும்?

இது வெறும் தகவல் பற்றாக்குறை என்றால் கூகுளில் தேடி முடித்துவிடலாம். விஷயம் அதைவிட ஆழம். லாகூரில் ஜாத் பட் தோடக் மண்டல் மாநாட்டுக்காக எழுதி, அவர்கள் பயந்துபோய் மாநாட்டையே ரத்து செய்ததால் 1936இல் தானே அச்சிட்ட உரையில் பாபாசாகேப் அம்பேத்கர் இதைப் பேசியிருக்கிறார். சாதி என்பது வேலைப் பிரிவினை என்று சமாதானம் சொன்னவர்களுக்கு, அது வேலை செய்பவர்களையே பிரித்து வைக்கிற ஏற்பாடு என்று பதில் சொன்னார். அதோடு நிறுத்தவில்லை. ஒரு சமூகம் திறமையாக இயங்க வேண்டுமானால் ஒவ்வொரு மனிதரையும் தன் தொழிலைத் தானே தேர்ந்தெடுக்கும் தகுதிக்கு வளர்த்தெடுக்க வேண்டும், சாதியோ பெற்றோரின் அந்தஸ்தைப் பார்த்து முன்கூட்டியே வேலையை ஒதுக்கிவிடுகிறது என்றார். அதைப் படிக்கும்போது நான் கவனிப்பது ஒரு சொல்லைத்தான்: வளர்த்தெடுப்பது. தேர்ந்தெடுக்கும் திறன் பிறவியிலேயே வந்துவிடுவதில்லை. அதை ஊட்ட வேண்டும். நம் தாள் அது ஏற்கெனவே எல்லாப் பிள்ளையிடமும் சமமாக இருப்பதாக எடுத்துக்கொண்டு கேள்வி கேட்கிறது.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் உங்களுக்குத் தெரியும். பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். பெரியார் அதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி அழைத்தார், ஊர் ஊராகப் போராட்டம் நடந்தது, 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்ததும் திட்டம் போனது. அந்தக் கதை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. குடும்பத் தொழிலாகச் செய்துவரும் 18 கைத்தொழில்கள், பயிற்சி, கடன். குறைந்தபட்ச வயது 18. தோழர்களே, 18 எந்த வயது? அடுத்த வாரம் உங்கள் எதிரில் வந்து உட்காரப்போகிற பிள்ளையின் வயது. கல்லூரி விண்ணப்பமும் அப்பன் தொழிலுக்கான கடன் விண்ணப்பமும் ஒரே நேரத்தில் ஓர் ஏழை வீட்டுக்குள் வந்தால் எது ஜெயிக்கும்? தமிழ்நாடு அரசு வயதை 35 ஆக உயர்த்தச் சொன்னது, குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை எடுக்கச் சொன்னது. ஒன்றிய அரசு கேட்காததால் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாகக் கொண்டுவந்தது. 35 வயதில் ஒருவர் தச்சு வேலைக்குக் கடன் வாங்குவது அவர் முடிவு. 18 வயதில் அதே கடனைக் காட்டுவது முடிவெடுக்கும் முன்னே வழியை மறிப்பது.

இன்னொன்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பெரம்பலூர் எறையூர் சிப்காட்டில் காலணி ஆலை வந்திருக்கிறது. ஜெயங்கொண்டத்தில் 2024 நவம்பரில் இன்னொன்றுக்கு அடிக்கல் நாட்டினார்கள். செருப்புத் தைத்தவர்களை ஊருக்கு வெளியே வைத்த அதே சமூகம், சீருடையும் பிஎஃப்பும் இருக்கிற செருப்பு வேலைக்கு எல்லாத் தெருவிலிருந்தும் விண்ணப்பம் போடுகிறது. ஆக, இழிவு வேலையில் இருந்ததில்லை. யார் செய்தார்கள் என்பதில்தான் இருந்தது. எந்தப் பிள்ளையிடமும் எந்த வேலையையும் மட்டமாகப் பேசாதீர்கள். அதே சமயம், வேலை எல்லாம் ஒன்றுதான், எதுவானாலும் செய் என்று உபதேசமும் செய்யாதீர்கள். அந்த உபதேசம் எப்போதும் நம் தெருவில்தான் நடக்கும், வக்கீல் வீட்டில் நடக்காது.

இப்போது தாளின் இன்னொரு பாதிக்கு வருகிறேன். ‘எனக்கு இது நன்றாக வரும்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான பகுதி என்பது என் கருத்து.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஒரு சோதனை செய்தார்கள். ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்கள். உயர்த்தப்பட்ட சாதியில் 321 பேர், தலித் பையன்கள் 321 பேர். காகிதத்தில் இருக்கும் புதிருக்குள் வழி கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்த அளவுக்குக் காசு. யார் என்ன சாதி என்று சொல்லாமல் விளையாட விட்டபோது இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. கலந்து உட்காரவைத்து, ஒவ்வொருவர் பேரையும் சாதியையும் சத்தமாக வாசித்துவிட்டு விளையாட விட்டபோது தலித் பையன்களின் எண்ணிக்கை கணிசமாக இறங்கியது. மூளை அதே மூளை. நடுவில் நடந்தது ஒரு வாசிப்பு, அவ்வளவுதான்.

இந்த வாசிப்பு நம் பள்ளிகளில் எத்தனை முறை நடந்திருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். “எஸ்சி பசங்க எல்லாம் எந்திரி, ஸ்காலர்ஷிப் ஃபாரம் வந்திருக்கு.” நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவர் தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது, உதவித்தொகை விஷயத்தைத் தலைமையாசிரியர் தன் அறைக்கு அழைத்துத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று பரிந்துரைத்தது. சின்ன விஷயமாகத் தெரியும். எழுந்து நின்றவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு பெரியது என்று. அதனால் நமது முகாமில் எந்த விண்ணப்பமும் பொதுவில் வாசிக்கப்படக் கூடாது. தேர்வு முடிவையும் பக்கத்தில் இருப்பவர் காதில் விழச் சொல்லக் கூடாது.

பத்தாம் வகுப்பு முடித்து நான் உயிரியல் பிரிவு கேட்டபோது ஓர் ஆசிரியர், “உங்கம்மாகூட முந்திரி உடைக்கப் போறதுக்கு எதுக்கு பயாலஜி?” என்றார். வகுப்பே சிரித்தது. முந்திரிக்கொட்டைப் பால் பட்டு என் அம்மாவின் விரல் நுனி எப்போதும் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். அன்றைக்கு யாராவது என்னிடம் இந்தத் தாளைக் கொடுத்து ‘எனக்கு அறிவியல் நன்றாக வரும்’ என்பதற்கு டிக் அடிக்கச் சொல்லியிருந்தால், மதிப்பெண் 90க்கு மேல் இருந்தும் அடித்திருக்க மாட்டேன். இதை ஆராய்ச்சியும் சொல்கிறது. 1981இல் நான்சி பெட்ஸ், கெயில் ஹாக்கெட் இருவரும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் பார்த்தார்கள். திறன் தேர்வில் ஆணும் பெண்ணும் சமம். ஆனால் ஆண்களின் வேலை என்று பெயரெடுத்தவற்றில் ‘என்னால் முடியும்’ என்று சொன்ன பெண்கள் குறைவு. திறமையைக் கேட்டால் பிள்ளை தைரியத்தைத்தான் பதிலாகச் சொல்கிறது. தைரியம் நம் ஊரில் சாதிவாரியாகப் பங்கு பிரித்துக் கொடுக்கப்பட்டது.

இதற்கு மருந்து என்று தன்னம்பிக்கைப் பேச்சாளரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். ‘உன்னால் முடியும்’ என்று மைக்கில் கத்திவிட்டு அவர் காரில் போய்விடுவார்.

நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். ‘பிடிக்குமா’, ‘வருமா’ என்று கேட்பதை விட்டுவிட்டு, நடந்ததைக் கேளுங்கள். “போன மாசம் யாராவது உன்னைத் தேடி வந்து ஒரு வேலை கேட்டாங்களா? என்ன கேட்டாங்க?” இந்த ஒரு கேள்விக்கு வருகிற பதில் உங்களை அசத்தும். ஒரு பெண் மூன்று வருடமாகத் தெருவின் மகளிர் குழுக் கணக்கு முழுவதையும் எழுதுகிறாள், வங்கி மேலாளரிடம் அவள்தான் பேசுகிறாள். தாளில் வணிகம், கணக்கு எல்லாவற்றுக்கும் நேரே வெறுமையாக விட்டிருந்தாள். அம்மாவுக்கு உதவி என்று நினைத்தாளே தவிர, அது திறமை என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. இன்னொருவன் பாட்டியை அரசு மருத்துவமனைக்கு மாதாமாதம் கூட்டிப்போய், எந்த மாத்திரை எதற்கு என்று தெருவுக்கே சொல்லுகிறவன்.

அடுத்து, தாளின் பின்பக்கத்தில் ‘எனக்கு வராது’ என்று நினைக்கிற வேலைகளை எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அதை முதலில் சொன்னது யார் என்று எழுதச் சொல்லுங்கள். ஆசிரியரா, அப்பாவா, சினிமாவா, தானே முயன்று பார்த்துத் தெரிந்ததா. தானே முயன்று பார்த்தது மட்டும்தான் சுயமதிப்பீடு. மற்றதெல்லாம் அடுத்தவர் மதிப்பீடு, பிள்ளையின் கையெழுத்தில்.

பெண் பிள்ளைகளிடம் இன்னொரு கேள்வி தேவைப்படும்: “எவ்வளவு தூரம் போக விடுவாங்க?” பல வீடுகளில் படிப்பைத் தீர்மானிப்பது நாட்டமல்ல, பேருந்து. ஜெயங்கொண்டம் தாண்டக் கூடாது, அரியலூர் தாண்டக் கூடாது. வெளியூரில் யாரையாவது காதலித்துவிடுவாளோ என்ற பயம்தான் அதன் அடியில் இருக்கிறது. இந்தப் பயம் எல்லாச் சாதி வீட்டிலும் உண்டு, ஆதிக்கச் சாதி வீட்டில் கூடுதல். அங்கே மகள் கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்று டிக் அடித்தால் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வீட்டுக்குப் போக வேண்டும். அவள் ஊர்ப் பெண் ஒருவர், ஏற்கெனவே வெளியூரில் படித்து வேலையில் இருப்பவர், கூட வந்தால் பாதி வேலை முடிந்தது.

கடைசியாக அனிதாவைப் பற்றிப் பேச வேண்டும். பக்கத்துச் செந்துறை வட்டம் குழுமூர். திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவரின் மகள். 1200க்கு 1176. மருத்துவராக வேண்டும் என்று தெரிந்திருந்தது, அதற்கான மதிப்பெண்ணும் இருந்தது. நாட்டம், திறன் இரண்டிலும் அவர் தன்னைச் சரியாகத்தான் மதிப்பிட்டிருந்தார். விளையாட்டின் விதியை நடுவில் மாற்றி நீட் என்ற கதவைச் சாத்தினார்கள். உச்ச நீதிமன்றம் வரை போனார். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். இன்று அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி அரங்கத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. அவர் படிக்க விரும்பிய படிப்பின் வகுப்பறைகளுக்குப் பக்கத்தில்.

ஆகவே பிள்ளையின் கணக்கையும் கதவின் கணக்கையும் தனித்தனியாக எழுதுங்கள். நீட்டில் கட்-ஆஃப் வரவில்லை என்றால் அது கதவின் பக்கத்தில் வர வேண்டும். ‘மருத்துவம் எனக்குப் பொருந்தாது’ என்று பிள்ளையின் பக்கத்தில் எழுத விடாதீர்கள். முடிவு வரும் வாரத்தில் உங்கள் பொறுப்பில் இருக்கிற பிள்ளைகளைத் தினமும் போனில் பிடியுங்கள். குரல் சரியில்லை என்று பட்டால் நேரில் போங்கள். அரசின் 104 எண்ணில் எந்த நேரமும் ஆலோசகர் பேசுவார், அந்த எண்ணைத் தாளின் தலைப்பிலேயே அச்சடித்திருக்கிறோம்.

கதவின் பக்கத்தில் திறந்திருக்கிறவற்றையும் எழுத வேண்டும், அது உங்கள் வீட்டுப்பாடம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதல் 7.5 விழுக்காடு இடம் உண்டு. 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டத்துக்கும் உண்டு, கட்டணத்தை அரசு ஏற்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய். எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால். வீட்டில் முதல் தலைமுறை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ். இவை தெரியாமல் ஒரு படிப்பின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தால், அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடும்.

நேரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வரும்போது ஒவ்வொருவரும் நீங்கள் செய்கிற வேலையைப் பத்து நிமிடத்தில் காட்டத் தயாராக வாருங்கள். செவிலியர் தோழர் ரத்த அழுத்தக் கருவி கொண்டுவருகிறேன் என்றிருக்கிறார், வழக்கறிஞர் தோழர் ஒரு பழைய வழக்குக் கட்டு. நிலவியலுக்கு ஆள் கிடைக்கவில்லை. அந்தப் பையனை அவன் டப்பாக்களோடு வரச் சொல்லியிருக்கிறேன். சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் கூட்டம் ஏறிவிடும், ஆகவே வருமானச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகளின் பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள். இப்போது தாளைத் திருப்பி, பின்பக்கத்தை நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள். எது உங்களுக்கு வராது என்று நினைக்கிறீர்கள், அதை முதலில் சொன்னது யார். பத்து நிமிடம் இருக்கிறது.